நரம்பியல் நோய்களில் இசைச் சிகிச்சை: எங்கே பலன், எவ்வளவு பலன்

பார்கின்சன் நோயாளிக்கு இசையில் உதவுவது தாளம். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவருக்கு உதவுவது தாளத்தோடு சேர்ந்த குரலின் ஏற்ற இறக்கம். மறதிநோய் கண்டவருக்கு உதவுவது இளமையில் பழகிய பாட்டும், அதைக் கூடப் பாட ஓர் ஆளும். மூன்று நோய்களிலும் இசை பயன்படுகிறது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொன்றிலும் இசையின் வேறொரு கூறு வேலை செய்கிறது. பலனின் அளவும் மாறுகிறது. இந்த வேறுபாட்டைப் பாராமல் ‘இசை மூளைக்கு நல்லது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவதால், இத்துறையைப் பற்றி ஒருபுறம் அளவு கடந்த நம்பிக்கையும் மறுபுறம் முழு அவநம்பிக்கையும் நிலவுகின்றன. அரை நூற்றாண்டு ஆய்வுகள் கைவசம் இருக்கும்போது இரண்டுக்குமே இடமில்லை.

இசைச் சிகிச்சை என்பது பாட்டுக் கேட்க வைப்பது மட்டும் அன்று. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியை முதலில் மதிப்பிடுகிறார். நடை, பேச்சு, மனநிலை என்று எதைச் சரிசெய்ய வேண்டும் என முடிவு செய்கிறார். அதற்கேற்ற இசைப் பயிற்சியை வகுத்து, முன்னேற்றத்தை அளந்து பார்த்து மாற்றிக்கொண்டே போகிறார். ஹெட்போனில் பாட்டுக் கேட்பதும், முதியோர் இல்லத்தில் கச்சேரி வைப்பதும், வீட்டில் சேர்ந்து பாடுவதும் நல்லவைதாம். ஆனால் ஆய்வாளர்கள் அவற்றை வேறு கணக்கில் வைக்கிறார்கள். ஓர் ஆய்வில் பலன் தெரிந்தது, இன்னொன்றில் தெரியவில்லை என்ற செய்தியைப் படிக்கும்போது, எந்த வகை இசை, யார் கொடுத்தது, எத்தனை நாள் என்று கேட்டால் பாதி முரண்பாடு அங்கேயே தீர்ந்துவிடும்.

நோயுற்றவரைச் சுற்றி இசை எழுப்புவது தமிழருக்குப் புதியதல்ல. போரில் புண்பட்டு வந்த வீரனின் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு சிதறி, யாழும் குழலும் இசைத்துக் காஞ்சிப் பண் பாடிக் காத்ததைப் புறநானூற்றின் 281-ஆம் பாடல் சொல்கிறது. புலி பாய்ந்து மார்பில் புண்பட்ட கணவன்மாருக்காகக் குறத்தியர் பாடிய பாட்டு மலைபடுகடாத்தில் வருகிறது. இவை காவல் சடங்குகள். மருத்துவச் சோதனைகள் அல்ல. இசைச் சிகிச்சை தனித் தொழிலாக உருவானது இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்காவில். போரிலிருந்து திரும்பிய வீரர்கள் நிறைந்த மருத்துவமனைகளுக்கு இசைக் கலைஞர்கள் சென்று வாசித்தார்கள்; நோயாளிகளிடம் மாற்றம் தெரிந்தது; ஆனால் கலைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி இல்லை என்ற குறையும் தெரிந்தது. 1944-இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரி முதல் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 1950-இல் அந்நாட்டின் தேசிய சங்கம் அமைந்தது. மூளையின் இயக்கத்தை அடிப்படையாகக் கொண்ட ‘நரம்பியல் இசைச் சிகிச்சை’ என்ற கிளை 1990-களில், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தௌட் குழுவினரின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் 1991-இல் அமெரிக்க செனட்டின் முதுமை குறித்த குழு முன் தோன்றி, இசையின் மருத்துவப் பயனுக்குச் சாட்சியம் சொன்னார். அவருடைய ‘மியூசிகோஃபிலியா’ 2007-இல் வெளிவந்த பிறகு, இந்தப் பொருள் பொது வாசகர்களிடமும் பரவியது.

மூளையில் இசை தங்கும் இடம்

மூளையில் இசைக்கென்று தனி அறை கிடையாது. சுருதியை இனங்காண்பதில் காதுக்கு அருகிலுள்ள பக்கவாட்டு மடல்கள், குறிப்பாக வலப்புறம், அதிகம் ஈடுபடுகின்றன. தாளத்தைக் கணக்கிடுவதில் அசைவுகளை ஆளும் பகுதிகளான அடிநரம்பு முடிச்சுகளும் சிறுமூளையும் சேர்கின்றன. காலை அசைக்காமல் சும்மா உட்கார்ந்து கேட்டாலும் இவை விழித்துக்கொள்கின்றன. உடம்பு சிலிர்க்கும் அளவுக்குப் பாட்டு பிடித்துப்போகும்போது டோபமின் சுரக்கிறது என்று மொன்றியல் ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். பழைய பாட்டு பழைய நினைவைக் கிளப்பும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள நடுப்பகுதி வேலை செய்கிறது. மறதிநோயின் பரவலான வகையான அல்சைமர் நோயில் ஒப்பீட்டளவில் தாமதமாகச் சிதையும் பகுதிகளில் அதுவும் ஒன்று. ஒரு பாட்டு மூளையில் இப்படிப் பல இடங்களில் பரவிக் கிடப்பதால், ஓரிடம் பழுதானாலும் மற்ற இடங்களின் வழியாக அதை எட்ட முடிகிறது.

மறதிநோய் முற்றியவர்கூடப் பாட்டைப் பாடுவது ஏன் என்பதற்கு நேரடியான விடையைத் தேடியது, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வு. 2015-இல் வெளியான அது இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் நலமுள்ள இளையவர்களை மிக வலிய எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்க வைத்து, நெடுநாள் தெரிந்த பாட்டுகளையும், சற்று முன்பு கேட்ட பாட்டுகளையும், இதுவரை கேட்டிராத பாட்டுகளையும் ஒலிக்கச் செய்தார்கள். நெடுநாள் தெரிந்த பாட்டுக்கு மட்டும் தனியாக எழும்பிய பகுதிகள் எவை என்று குறித்துக்கொண்டார்கள். மூளையின் நடுக்கோட்டை ஒட்டி மேற்புறத்தில், அசைவுகளைத் திட்டமிடும் பகுதியும் அதன் பக்கத்துப் பகுதியும் அவை. அடுத்ததாக அல்சைமர் நோயாளிகளின் மூளைப் படங்களில் அதே பகுதிகளைத் தேடிப் பார்த்தார்கள். மூளையின் மற்ற இடங்கள் சுருங்கியிருக்க, இந்தப் பகுதிகள் மிகக் குறைவாகவே சுருங்கியிருந்தன. சர்க்கரையை எரிக்கும் வேகமும் அங்கே பெரிதாகக் குறையவில்லை. அங்கு அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு புரதப் படிவு இருந்தது, ஆனால் சிதைவு இன்னும் எட்டவில்லை. இளமைப் பாட்டு நிலைப்பதற்கு இதுவரை கிடைத்த விளக்கங்களில் மிக உறுதியானது இதுவே.

நினைவு என்பது ஒன்றல்ல, பல வகை என்பதை இசை தெளிவாகக் காட்டுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த இசையறிஞர் கிளைவ் வேரிங் 1985-இல் மூளையழற்சிக்கு ஆளானார். ஹெர்ப்பிஸ் வைரஸ் அவருடைய மூளையில் புது நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை இரு புறமும் அழித்தது. சில நொடிகளுக்கு முன் நடந்தது அவருக்கு நிற்காது. மனைவி அறையை விட்டுப் போய்த் திரும்பினால், பல காலம் கழித்துச் சந்திப்பதுபோல் வரவேற்பார். அவரே பியானோ முன் உட்கார்ந்தால் சுரக்குறிப்பைப் பார்த்து வாசிப்பார். பாடகர் குழுவையும் நடத்துவார். நேற்றைய நிகழ்ச்சியைச் சேமிக்கும் அமைப்பு வேறு, கையும் குரலும் பழகிய திறனைச் சேமிக்கும் அமைப்பு வேறு. மறதிநோயாளியின் குடும்பத்தார் இதை அறிந்திருப்பது நல்லது. அம்மா முழுப் பாட்டையும் பாடிவிட்டாள் என்பதால் நோய் பின்வாங்கிவிட்டது என்று பொருள் இல்லை. பாட்டு முடிந்ததும் மகளின் பெயர் மறுபடி மறந்துபோகலாம். ஆனாலும் பாடிய அந்த நேரத்து மகிழ்ச்சியில் பொய் எதுவும் இல்லை.

மறதிநோயில் கிடைக்கும் பலன்

உலகில் 5 கோடியே 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மறதிநோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் 60 முதல் 70 சதவீதத்தினருக்கு அல்சைமர் வகை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர் என்பது நாடு தழுவிய முதியோர் ஆய்வின் மதிப்பீடு. மறதி மட்டுமே இவர்களின் துன்பமல்ல. மனச்சோர்வு, பதற்றம், கூச்சல், இரவுத் தூக்கமின்மை, குளிக்கவும் உடைமாற்றவும் மறுத்தல் ஆகியவைதான் வீட்டாரை நிலைகுலைய வைக்கின்றன. இவற்றை அடக்கத் தரப்படும் மனநோய் மருந்துகள் மறதிநோயுள்ள முதியவர்களில் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. மருந்தில்லா வழிகளில் ஆர்வம் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தனித்தனி ஆய்வுகளைத் திரட்டித் தரம் பார்த்து முடிவு சொல்லும் காக்ரேன் அமைப்பு இந்தக் கேள்வியைப் பலமுறை அலசியிருக்கிறது. 2018-இல் 22 ஆய்வுகள். 2025-இல் 30 ஆய்வுகள், 15 நாடுகள், 1,720 நோயாளிகள். குறைந்தது ஐந்து அமர்வுகள் நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அது கண்ட முடிவு இது: சிகிச்சை முடியும் வேளையில் மனச்சோர்வு ஓரளவு குறைகிறது, இதை நம்பலாம். மொத்தத்தில் நடத்தைச் சிக்கல்களும் குறையக்கூடும், இதற்கான சான்று சற்றுப் பலவீனம். பதற்றத்திலும் முரட்டுத்தனத்திலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. நினைவாற்றலிலும் சிந்தனையிலும் குறிப்பிடும்படியான முன்னேற்றம் இல்லை. சிகிச்சையை நிறுத்திய பிறகு பலன் நிலைக்கிறதா என்பதும் தெளிவாகவில்லை. இசை மறதியைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். மனச்சோர்வு குறைவது சிறிய காரியம் என்று நினைப்பவர்களும் படிக்க வேண்டும்.

எந்தப் பாட்டு என்பது முக்கியம் என்று முதலில் ஒழுங்காகக் காட்டியவர் லிண்டா கெர்ட்னர் என்ற அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர். மறதிநோயுள்ள 39 பேருக்கு, குடும்பத்தாரிடம் கேட்டறிந்த அவரவர் விருப்பப் பாட்டுகளையும், பொதுவாக அமைதி தரும் என்று கருதப்படும் செவ்வியல் இசையையும் வெவ்வேறு வாரங்களில் ஒலிக்கச் செய்தார். 2000-இல் வெளியான முடிவின்படி, விருப்பப் பாட்டு ஒலித்தபோது பதற்றம் கூடுதலாகத் தணிந்தது. இந்த எண்ணம் பின்னர் அமெரிக்காவில் ஓர் இயக்கமாகவே பரவியது. முதியோர் இல்லங்களில் ஒவ்வொருவருக்கும் தனிப் பாட்டுப் பட்டியல் தயாரித்து ஐபாட் கொடுத்தார்கள். ஹெட்போன் மாட்டியதும் குனிந்த தலை நிமிர்ந்து கண் விரியும் முதியவர்களின் காட்சிகள் ‘அலைவ் இன்சைட்’ ஆவணப்படம் வழியாக 2014-இல் உலகெங்கும் சென்றன. அந்தக் காட்சிகள் உண்மையானவை. ஆனால் அமெரிக்காவின் 54 முதியோர் இல்லங்களில் 976 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2022-இல் வெளியானபோது, தனிப்பட்ட பாட்டுப் பட்டியலால் பதற்ற நடத்தைகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று தெரிந்தது. ஒரு கணத்து விழிப்பும் வாரக்கணக்கில் அளக்கும் நடத்தை மாற்றமும் ஒன்றல்ல. வேலைச்சுமை மிகுந்த இல்லத்தில் ஹெட்போனைச் சரியான நேரத்தில் மாட்டிவிட ஆள் வேண்டும் என்பதையும் மறந்துவிட முடியாது.

ஆள் கூட இருந்து பாடிய ஆய்வுகளில் முடிவு சற்று வேறாக இருக்கிறது. ஹெல்சிங்கியில் டெப்போ சார்க்கமோ குழுவினர் மறதிநோயாளியும் அவரைப் பராமரிப்பவருமாக 89 இணைகளைச் சேர்த்தார்கள். ஒரு குழுவினருக்குச் சேர்ந்து பாடவும், மற்றொரு குழுவினருக்குப் பாட்டுக் கேட்டு அதைப் பற்றிப் பேசவும் 10 வாரம் பயிற்சி தந்தார்கள்; மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். நோய் முற்றாதவர்களிடம் மனநிலை, இடம் காலம் பற்றிய உணர்வு, பழைய நினைவு ஆகியவை மேம்பட்டன. ஆஸ்திரேலியாவின் பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், குழுவாகப் பாடியவர்களின் மனச்சோர்வு ஆறு மாத அளவில் குறைந்தது. மாறாக, ஐந்து நாடுகளில் 432 வீடுகளில் பராமரிப்பவர்களுக்கே பயிற்சி கொடுத்து நடத்திய ஆய்வில் நோயாளியின் அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. வீட்டில் தனியொருவர் எல்லா வேலைக்கும் நடுவே இதையும் செய்ய வேண்டியிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் மொத்தத்தில் பார்த்தால், கருவியில் ஓடும் பாட்டைவிடக் கூடப் பாடும் குரலுக்கே சான்றுகள் சாய்கின்றன.

இதில் சுவீடனின் ஈவா கோட்டெல் நடத்திய ஆய்வு தனியாகச் சொல்லத்தக்கது. மறதிநோய் முற்றியவர்களைக் காலையில் எழுப்பி, முகம் கழுவி, உடை மாற்றும் வேளையில், ‘கையைத் தூக்குங்கள், திரும்புங்கள்’ என்று சொல்வதற்குப் பதிலாகப் பராமரிப்பவர் பழகிய பாட்டுகளைப் பாடிக்கொண்டே வேலையைச் செய்தார். ஆய்வு சிறியது, வீடியோ எடுத்துக் கூர்ந்து பார்த்தது. பேச்சால் உத்தரவு கொடுத்தபோது குழம்பி எதிர்த்தவர்கள், பாட்டு நடந்தபோது சட்டையில் தாமே கையை நுழைத்தார்கள், உடம்பு நிமிர்ந்தது, கத்தல் குறைந்தது. உத்தரவைப் புரிந்து செயல்படும் ஆற்றல் போன பிறகும், பழகிய வேலையைப் பழகியபடி செய்யும் ஆற்றல் உள்ளே இருக்கிறது. வார்த்தைகளின் நெரிசல் நீங்கியதும் அது வெளியே வந்தது. இதற்குக் கருவியோ செலவோ தேவையில்லை என்பதால், முதியோரைக் கவனிக்கும் எல்லாரும் சோதித்துப் பார்க்கத்தக்க முறை இது.

தாளமும் நடையும்

இசைச் சிகிச்சையில் சான்று மிக உறுதியாக இருப்பது கண்ணீர் வரவழைக்கும் காட்சிகளில் அல்ல, சீரான ஒரு ‘டக், டக்’ ஒலியில். பார்கின்சன் நோயில் நடுமூளையில் டோபமின் சுரக்கும் உயிரணுக்கள் அழிகின்றன. அதனால் அடிநரம்பு முடிச்சுகள் அடுத்த அசைவுக்கு வேளை குறித்துத் தரும் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. அடி சிறுக்கிறது, நடை வேகம் குறைகிறது. வாசற்படியிலோ திரும்பும்போதோ கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. உள்ளிருந்து வராத வேளைக்குறிப்பை வெளியிலிருந்து காதின் வழியாகக் கொடுத்தால், சிறுமூளையும் அதோடு இணைந்த அசைவுப் பகுதிகளும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. காதுக்கும் அசைவுக்கும் உள்ள நரம்பு வழி மிகக் குறுகியது என்பதால், யோசிக்கும் முன்பே கால் தாளத்துக்குப் பணிகிறது.

முறை எளிது. நோயாளி இயல்பாக நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று முதலில் எண்ணுகிறார்கள். 90 என்றால் சீரான தட்டொலி தரும் மெட்ரோனோம் கருவியையோ, அதே காலப்பிரமாணத்தில் அழுத்தமான தாளமுள்ள பாட்டையோ 90-இல் வைத்து நடக்கச் செய்கிறார்கள். அது கைவந்ததும் சில நாளில் 5 முதல் 10 சதவீதம் வேகம் கூட்டுகிறார்கள். பிறகு திரும்புதல், படி ஏறுதல், நின்று மறுபடி தொடங்குதல். கடைசியில் ஒலியைச் சற்று நேரம் நிறுத்தி, மனத்துக்குள் தாளம் ஓட நடக்கப் பழக்குகிறார்கள். தௌட் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே மூன்று வாரம் இப்படிப் பயின்றவர்களின் நடை வேகம் 25 சதவீதமும், அடியின் நீளம் 12 சதவீதமும் கூடின. அதே குழுவினர் 2019-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், விழுவதும் குறைந்தது தெரிந்தது. பார்கின்சன் நோயாளிக்கு ஒரு விழுதல் இடுப்பெலும்பு முறிவாகவும் நிரந்தரப் படுக்கையாகவும் முடியக்கூடும் என்பதை நினைத்தால் இதன் மதிப்பு புரியும். பயிற்சியை விட்டால் பலனும் சில வாரங்களில் தேய்ந்துபோகிறது. மருந்தைப்போல் இதையும் தொடர வேண்டும்.

தாளத்தோடு முழு உடலையும் சேர்க்கும் வழி நடனம். நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மாரிஸ் நடனக் குழு 2001-இல் பார்கின்சன் நோயாளிகளுக்காகத் தொடங்கிய வகுப்பு இப்போது பல நாடுகளில் நடக்கிறது.

பக்கவாதத்துக்குப் பிந்தைய நடையிலும் இதே தாள முறை பயன்படுகிறது. மூளைக் காயங்களில் இசையின் பயனைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு, 29 ஆய்வுகளையும் 775 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டது. தாளப் பயிற்சி பெற்றவர்களின் நடை வேகம் நிமிடத்துக்குச் சராசரியாக 11 மீட்டர் கூடியிருந்தது. தெருவைக் கடக்க முடிவதும் முடியாததுமான வேறுபாடு அது. கை செயலிழந்தவர்களுக்கு ஜெர்மனியின் ஹனோவரில் எக்கார்ட் ஆல்ட்டன்முல்லர் குழுவினர், மின்னணுப் பியானோவிலும் தட்டுப் பலகையிலும் எளிய மெட்டுகளை வாசிக்க வைக்கும் முறையை உருவாக்கினார்கள். விரல் சரியாகப் பட்டதா என்று காதே உடனுக்குடன் சொல்லிவிடுவதால் பயிற்சி அலுப்பதில்லை.

பாட்டுக் கேட்பதற்கே பலன் உண்டா என்பதைச் சார்க்கமோ குழுவினரின் 2008-ஆம் ஆண்டு ஆய்வு சோதித்தது. பக்கவாதம் வந்து சில நாளே ஆன 60 பேர். ஒரு குழு இரண்டு மாதம் தினமும் தமக்குப் பிடித்த பாட்டைக் கேட்டது, இன்னொரு குழு ஒலிப்புத்தகம் கேட்டது, மூன்றாவது குழு எதையும் கேட்கவில்லை. பாட்டுக் கேட்டவர்களின் சொல் நினைவும் கவனமும் மற்ற இரு குழுக்களைவிட நன்றாகத் தேறின. மனச்சோர்வும் குறைவாக இருந்தது. பக்கவாதப் பிரிவுகளில் முதல் வாரங்களில் நோயாளிகள் வெறுமனே கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் நேரம் மிக அதிகம். அந்த நேரத்தை இவ்வளவு எளிதாகப் பயன்படுத்தலாம் என்று தெரிந்து பல ஆண்டுகள் ஆகியும் பெரும்பாலான மருத்துவமனைகள் அதைச் செய்யாதது வருந்தத்தக்கது.

பேச்சு போனவரின் பாட்டு

பேச முடியாதவர் பாடுவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். வலப்புறம் செயலிழந்து பேச்சும் போன ஒருவர், துணைக்கு யாராவது தொடங்கித் தந்தால் தேவாலயப் பாட்டுகளைத் தெளிவாகப் பாடியதை சுவீடனின் ஓலாஃப் டாலின் 1745-இல் பதிவு செய்தார். இடப்பக்க மூளையின் முன்பகுதி பழுதானால் வரும் பேச்சிழப்பில், மற்றவர் சொல்வது பெரும்பாலும் புரியும். தன் வாயில் சொல் வராது. இந்த நிலைக்காக பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகியோர் 1973-இல் ஒரு முறையை வகுத்தார்கள். சொற்றொடரை உயர்ந்த சுரம் ஒன்றிலும் தாழ்ந்த சுரம் ஒன்றிலுமாக இழைத்துப் பாடி, அசைக்கு ஒருமுறை இடக்கையைத் தட்டுவது அதன் சாரம்.

‘தண்ணி வேணும்’ என்ற தொடரைத் தமிழில் இப்படிப் பழக்கினால் நான்கு தட்டு வரும். ‘தண்’, ‘வே’ இரண்டும் மேல் சுரத்தில் சற்று நீண்டு நிற்கும். ‘ணி’, ‘ணும்’ கீழே இறங்கும். சிகிச்சையாளர் எதிரே உட்கார்ந்து, நோயாளியின் இடக்கையைத் தன் கையில் எடுத்து மேசையில் தட்டியபடி முதலில் சொல்லில்லாமல் மெட்டை மட்டும் முனகுகிறார். அடுத்து இருவரும் சேர்ந்து சொல்லோடு பாடுகிறார்கள். பாதியில் சிகிச்சையாளர் குரலை நிறுத்திவிட, மீதியை நோயாளி முடிக்கிறார். பிறகு சிகிச்சையாளர் பாட, நோயாளி தனியே திருப்பிப் பாடுகிறார். ‘என்ன வேணும்?’ என்ற கேள்விக்கு அதையே பதிலாகச் சொல்வது அடுத்த படி. மெட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து சாதாரணப் பேச்சாக மாறுவது கடைசி. வாரத்தில் பல நாள், பல வாரம் நடக்க வேண்டிய பொறுமையான வேலை. ஆங்கிலத்தின் சொல்லழுத்தத்தை ஒட்டி அமைந்த முறை என்பதால், தமிழ் போன்ற மொழிகளில் நெடிலும் குறிலும் பார்த்து மெட்டை அமைப்பது நல்லது.

2011 ஜனவரியில் தலையில் சுடப்பட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் பேச்சை மீட்டதில் இசைச் சிகிச்சைக்கும் பங்கு இருந்ததால், இந்த முறை புகழ் பெற்றது. ஏன் வேலை செய்கிறது என்பதில் கருத்து வேறுபாடு தீரவில்லை. நலமான வலப்பக்க மூளை பேச்சை ஏற்றுக்கொள்கிறது என்று ஹார்வர்டின் காட்ஃப்ரீட் ஷ்லாவ்க் குழுவினர் வாதிட்டார்கள். நீண்ட பயிற்சிக்குப் பின் வலப்பக்க நரம்புக் கற்றை தடித்திருந்ததை அவர்கள் ஸ்கேனில் காட்டினார்கள். லைப்சிக்கில் பெஞ்சமின் ஸ்டால் 2011-இல் 17 நோயாளிகளை ஆராய்ந்து, உதவுவது மெட்டைவிடத் தாளமும் ஏற்கெனவே வாயில் பழகிய தொடர்களும்தான் என்று கண்டார். நெதர்லாந்து ஆய்வுகள் இன்னொரு செய்தியைச் சொல்கின்றன: பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் பலன் கூடுதல், ஆண்டுக்கணக்கில் ஆன பிறகு, பயின்ற தொடர்கள் வருகின்றன, பயிலாதவை வருவதில்லை. ஆகவே சீக்கிரம் தொடங்குவதும், அன்றாடம் உண்மையிலேயே தேவைப்படும் தொடர்களைத் தேர்ந்தெடுப்பதும் அறிவுடைமை.

பிற நோய்கள்

கடுமையான தலைக்காயத்துக்குப் பின் நினைவு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையில் கிடப்பவர்களின் விழிப்பை இசையால் மதிப்பிடும் முறை ஒன்றை இசைச் சிகிச்சை ஆய்வாளர் வெண்டி மகீ உருவாக்கியிருக்கிறார். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதவர் பழகிய பாட்டுக்குக் கண்ணை அசைக்கலாம். அது அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும். வலிப்பு நோயில் மொசார்ட்டின் கே.448 சொனாட்டா மூளையின் பிழையான மின்துடிப்புகளைக் குறைக்கிறது என்று 1998 முதல் பல சிறு ஆய்வுகள் கூறுகின்றன. மருந்துக்கு மாற்றாகக் கொள்ளும் அளவுக்கு அது வளரவில்லை. இசையே வலிப்பைத் தூண்டும் அரிய வகையும் உண்டு. அதற்கு 1937-இல் பெயரிட்டவர் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் மெக்டொனால்ட் கிரிட்ச்லி. ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளை ஒன்பது நாடுகளில் சேர்த்து நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், இசைச் சிகிச்சையால் அறிகுறிகளின் கடுமை குறையவில்லை.

ஆய்வுகளின் குறையும் ராக நம்பிக்கைகளும்

இத்துறை ஆய்வுகளுக்குச் சில நிரந்தரச் சிக்கல்கள் உண்டு. மாத்திரையில் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். போலிப் பாட்டு கொடுக்க முடியாது. சிகிச்சை பெற்றது யார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. பெரும்பாலான ஆய்வுகளில் நோயாளிகள் நாற்பது, ஐம்பது பேர்தான். இசையின் பலன் எவ்வளவு, அன்போடு ஒருவர் அரைமணி நேரம் கூட உட்கார்ந்ததன் பலன் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கென்னடி கலை மையத்தோடு சேர்ந்து 2017-இல் தொடங்கிய திட்டம், இவற்றைச் சீர்படுத்தப் பொதுவான அளவுகோல்களை வகுத்தது.

நம்மிடையே இன்ன ராகம் இன்ன நோய்க்கு என்ற பட்டியல்கள் புழங்குகின்றன. முத்துசுவாமி தீட்சிதர் தம் சீடரின் வயிற்றுவலி தீர நவக்கிரகக் கிருதிகளைப் பாடத் தொடங்கினார் என்ற மரபுக் கதையும் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவதுண்டு. ராகங்கள் மனநிலையை மாற்றுகின்றன என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ராகத்துக்கும் நோய்க்கும் நிலையான பொருத்தம் இருப்பதாக எந்தக் கட்டுப்பாட்டு ஆய்வும் நிறுவவில்லை. கர்நாடக சங்கீதம் கேட்டே வளராத ஒரு விவசாயக் கூலிப் பெண்ணுக்கு ஆனந்தபைரவியைவிட நடவுப் பாட்டும் தாலாட்டுமே மருந்து. பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் இசையறிதல் ஆய்வகமும், புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசைச் சிகிச்சைக் கல்வி ஆய்வு மையமும் இயங்குகின்றன. பட்டியல்களுக்குப் பதில் சோதித்த அறிவு இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் வர வேண்டும்.

வீட்டில் தொடங்கும்போது

ஒருவருக்கு ஆழமாகப் பதியும் பாட்டுகள் பெரும்பாலும் 10 முதல் 30 வயதுக்குள் கேட்டவை. 1945-இல் பிறந்த தமிழருக்கு அது 1955-க்கும் 1975-க்கும் இடைப்பட்ட காலம்: விசுவநாதன்–ராமமூர்த்தி மெட்டுகள், டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா குரல்கள், இலங்கை வானொலி, மார்கழித் திருப்பாவை, தேவாலயக் கீர்த்தனைகள், நாகூர் ஹனிபாவின் பாட்டுகள், ஊர்த் திருவிழாவின் நாதசுரமும் தவிலும். எது என்பதைச் சாதி, சமயம், ஊர், தொழில் எல்லாம் தீர்மானிக்கும். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததை அப்பாவுக்கும் பிடிக்கும் என்று நினைத்து வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

காது கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். செவித்திறன் குறைந்தவருக்கு உரத்த பாட்டு வெறும் இரைச்சல். நாள் முழுவதும் டிவியோ ரேடியோவோ ஓடிக்கொண்டிருப்பது இசைச் சிகிச்சை அல்ல, குழப்பத்தைக் கூட்டும் ஓசை. வழக்கமாகப் பதற்றம் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்பாக, அரைமணி நேரம், விளம்பரம் குறுக்கிடாமல் ஒலிக்கச் செய்வது நல்லது. முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சில பாட்டுகள் இறந்த குழந்தையையோ பிரிந்த கணவரையோ நினைவூட்டும். அழுகை எல்லாமே தீங்கல்ல. ஆனால் துயரம் தணியாமல் ஏறினால் அந்தப் பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். இசையில் இயல்பாகவே இன்பம் காணாதவர்கள் மக்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் உண்டு. அவர்களை வற்புறுத்துவதில் பொருளில்லை. நடையிலோ பேச்சிலோ சிக்கல் இருந்தால் தாமாக எதையும் தொடங்காமல், பிசியோதெரபிஸ்டையோ பேச்சுப் பயிற்சியாளரையோ கேட்டு அவர் கண்காணிப்பில் செய்ய வேண்டும்; தவறான வேகத்தில் வைத்த தாளம் நோயாளியை விழச் செய்துவிடும்.

மறதிநோய் முற்றிய பிறகு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டால் பதில் வராது. நோய் தெரியவந்த உடனேயே, இன்னும் சொல்ல முடிகிற அவரிடமும், உடன் பிறந்தவர்களிடமும், பழைய நண்பர்களிடமும் கேட்டு இருபது, முப்பது பாட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். யார் பாடியது, எந்தப் படம், எந்தக் கோயில், யாரோடு கேட்டது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.